மூன்று கைகள்

கோடை விடுமுறையில் குழந்தைகளைச் சென்னைக்கு அழைத்துச் சென்று எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்பது நம் குடும்பங்களில் எழுதப்படாத விதி. கடந்த மே மாதம் நாங்களும் அவ்விதிக்குப் பணிந்தோம். காலையில் எழும்பூரில் இறங்கி அருங்காட்சியகம், பிறகு தியாகராய நகர், மெரினா, இரவு ரயில் என்பது திட்டம். 1851இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கு நாங்கள் ஒதுக்கியது இரண்டு மணி நேரம்.

சென்னைவாசிகள் முன்பு அதனைச் 'செத்த காலேஜ்' என்றழைத்தனர். விலங்குக் காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. எங்கள் வீட்டுப் பையன்களைப் பொறுத்தவரை அங்கே உயிரோடிருந்தது திமிங்கிலத்தின் எலும்புக்கூடு மட்டும்தான். அமராவதிச் சிற்பங்களை நடந்தபடியே கடந்தோம். வெயிலில் முற்றத்தைத் தாண்டிச் செப்புத்திருமேனிக் கூடத்துக்குள் நுழைந்தபோது கைக்கடிகாரம் என்னை விரட்டிக்கொண்டிருந்தது.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னே என் மகள் நின்றுவிட்டாள்.

"அப்பா, இந்தச் சாமிக்கு ஏன் மூணு கைதான் இருக்கு?"

"அப்புறம் சொல்றேம்மா, வா."

தேவாரத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருபவன் நான். விடை எனக்குத் தெரியும். வலப்பாதி சிவன், அவனுக்கு இரு கைகள்; இடப்பாதி உமை, அவளுக்கு ஒன்று. 'மாதொருபாகன்' என்று சொல்லிவிடுவது எளிது. ஒரே உடலின் நடுவே தோளும் இடையும் ஆணிலிருந்து பெண்ணாக மாறும் இடம் உறுத்தாதபடி உலோகத்தில் வார்ப்பது எளிதன்று. பதினோராம் நூற்றாண்டுச் சிற்பி அதைச் செய்திருக்கிறான். கோயிலில் உற்சவத் திருமேனியைப் பட்டும் மாலையும் மூடியிருக்கும்; அதன் முழு வடிவையும் நாம் காண வாய்ப்பது இத்தகைய கூடங்களில்தான். அந்த வாய்ப்பைத்தான் நான் அவசரமாகக் கடந்து வந்தேன்.

இதே அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராசரைப் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் நேரில் கண்டதில்லை. புகைப்படங்களை மட்டுமே வைத்துக்கொண்டு, உறுப்பு உறுப்பாக வியந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் 1917இல் மறைந்தபின், 1921இல் அது வெளிவந்தது. படத்தைப் பார்த்தே அவரால் அத்தனை நேரம் நிற்க முடிந்தது. காரைக்கால் அம்மையார் பாடிய ஆலங்காட்டுக் கூத்தனின் எதிரில் நாங்கள் ஒரு நிமிடம் நின்றிருந்தால் அதிகம்.

வெளியூர்க் குடும்பங்களின் இக்கட்டு எனக்குப் புரிகிறது. ரயில் கட்டணம், கிடைக்கும் ஒற்றை நாள், குழந்தைகளின் பசி எல்லாம் உண்மை. அதனாலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசையை விட்டுவிட வேண்டும் என்று கருதுகிறேன். ஒரு கூடம், அதில் ஒரு சிலை, அதன் எதிரே அரைமணி நேரம். கைகளை எண்ணச் சொல்லலாம். இரு பாதிகளுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். குழந்தை தானாக நிற்கும் இடத்தில் நாமும் நின்றுவிட்டால் இன்னும் நல்லது.

ஊர் திரும்பிய பிறகு, வீட்டிலிருந்த நூலொன்றின் படத்தைக் காட்டி மகளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத அங்கயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள்.

அடுத்த விடுமுறையில் அவளும் நானும் மட்டும் செல்வதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதைக் குறித்து வைத்திருக்கிறேன். அன்றைய பட்டியலில் வேறெதுவும் இல்லை.