ரயிலில் வந்தவன் எதிரியா?

சென்ற மாதம் திருப்பூரில் ஒரு கிளைக் கூட்டம். விலைவாசி, மின்கட்டணம், பனியன் தொழிலின் நிலைமை என்று பேசி முடித்த பிறகு, முப்பது வருஷமாகப் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்துவரும் ஒரு மூத்த தோழர் எழுந்தார். "எல்லாம் சரிங்க தோழர். வடக்கத்திக்காரன் வந்தான், நம்ம கூலி போச்சு. அதுக்கு நாம என்ன சொல்றோம்?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள்.

தொழிலாளிக்கு ஊர் கிடையாது, மொழி கிடையாது, வர்க்கம் ஒன்றுதான் என்று பதில் சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது, நான் சொன்னது கோஷமே ஒழியப் பதில் அல்ல. அந்தத் தோழர் இனவெறி பிடித்தவர் அல்ல. ஜெயிலுக்குப் போனவர், கொடி பிடித்தவர். அவருடைய கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், வந்தவன் ஏன் வந்தான்?

தன்பாத்திலிருந்து ஆலப்புழைக்குத் தினமும் ஒரு ரயில் வருகிறது. ராஞ்சி, ரூர்கேலா வழியாக ஆந்திரத்தைத் தாண்டி, சேலம், ஈரோடு கடந்து திருப்பூரில் நிற்கிறது. ஏறக்குறைய இரண்டு நாள் பிரயாணம். முன்பதிவில்லாப் பெட்டியில் கழிப்பறை வாசல் வரை மூட்டையும் மனிதருமாக வருகிறார்கள். ரயில் புறப்படும் இடத்தைக் கவனியுங்கள். தன்பாத் நிலக்கரி பூமி. ராஞ்சியைச் சுற்றி இரும்பும் பாக்சைட்டும் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. பூமிக்கடியில் இவ்வளவு செல்வம் உள்ள பிரதேசத்து வாலிபன், குடிதண்ணீருக்கே குழாயை எதிர்பார்த்திருக்கும் நம் ஊருக்கு வந்து ஜட்டி தைக்கிறான் என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இருக்குமா?

1793-ல் வெள்ளைக்காரன் வங்காளத்திலும் பீகாரிலும் நிரந்தர ஜமீன் ஏற்பாட்டைக் கொண்டுவந்தான். அன்று ஜமீன்தார் கைக்குப் போன நிலம், சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் போட்ட பின்பும் உழுபவன் கைக்கு முழுதாக வந்து சேரவில்லை. நிலப் பிரச்னையை ஆராயப் பீகார் சர்க்காரே பந்தோபாத்யாயா கமிஷனை நியமித்தது. 2008-ல் அறிக்கை வந்தது, உச்சவரம்பையும் குத்தகைதாரரின் உரிமையையும் பற்றிப் பேசியது, பீரோவுக்குள் போனது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எஃகை நாடெங்கும் ஒரே விலையில் கொடுக்கும் சரக்குக் கட்டணக் கொள்கை 1950களில் வந்து 1990களின் தொடக்கம் வரை நீடித்தது. ஜாம்ஷெட்பூர் எஃகு பக்கத்து ஊர்ப் பட்டறைக்கு என்ன விலையோ, அதே விலைக்குக் கோயம்புத்தூர்ப் பட்டறைக்கும் கிடைத்தது. நமக்கு அது நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் தாதுப் பொருள் இருக்கும் இடத்தில் தொழிற்சாலை வைப்பதால் உண்டாகும் லாபம் போயிற்று. அங்கே வளர்ந்திருக்க வேண்டிய தொழில் வேறு ஊர்களில் வளர்ந்தது.

விளைவு என்ன? 2023-ல் பீகார் சர்க்கார் வெளியிட்ட சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி, அந்த மாநிலத்துக் குடும்பங்களில் 34 சதவீதத்துக்கு மாத வருமானம் 6,000 ரூபாய்க்கு மேல் இல்லை. மூன்றில் ஒரு குடும்பம்! ஐந்து பேர் உள்ள வீடென்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய்.

அவன் இங்கே வந்து என்ன வாழ்வைக் கண்டான் என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கும் லைன் வீட்டுக்குப் போனேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒன்பது பேர். பகல் ஷிப்ட் ஆள் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்ட் ஆள் படுக்கிறான். வாடகை அறைக்கு அல்ல, தலைக்கு. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. நம் ஊர்ப் பேச்சில் ஒன்றரை ஷிப்ட். இதற்கா இரண்டு நாள் ரயிலில் வந்தாய் என்று என் உடைந்த இந்தியில் கேட்டேன். இருபத்திரண்டு வயதுப் பையன் சிரித்தான். "சாச்சா, ஊரில் அந்தப் பெரிய வீட்டுக்காரன் எதிரே கட்டிலில் உட்கார முடியாது. இங்கே டீக்கடை பெஞ்சில் யார் பக்கத்திலும் உட்காருகிறேன். சனிக்கிழமை காசு கைக்கு வருகிறது" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நம் ஊரில் சாதி இல்லையா என்ன? இவனுடைய சாதி இன்னும் நம் ஆட்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அந்த பெஞ்ச் அவனுக்குப் பெரிய விஷயம். நல்ல வாழ்வு தேடி வந்தவன் என்று நாம் சொல்லும்போது வெறும் கூலிக் கணக்கை மட்டும் எண்ணிவிடக் கூடாது.

(இந்தி பேசினேன் என்றதும் சில தோழர்கள் புருவத்தை உயர்த்தலாம். சர்க்கார் திணிக்கும் இந்தியை எதிர்த்தோம், இன்றும் எதிர்க்கிறோம். "சாப்பிட்டாயா" என்று ஒரு தொழிலாளியைக் கேட்பதற்காகக் கற்கும் இந்தி வேறு. அதுவும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்த எனக்கு ஐம்பது வார்த்தைக்கு மேல் வராது. ஒடியாவும் வங்காளியும் பேசுகிறவர்களிடம் அந்த ஐம்பதும் செல்லாது.)

இனி மூத்த தோழரின் கேள்விக்கு வருவோம். கூலி குறைந்ததா? குறைந்தது. அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. ஆனால் எப்படிக் குறைகிறது? முதலாளி காண்ட்ராக்டரிடம் பீஸுக்கு இவ்வளவு என்று பேசுகிறார். காண்ட்ராக்டர் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறான். பி.எப்., இ.எஸ்.ஐ. என்ற பேச்சே பல இடங்களில் கிடையாது. ஆளைக் கம்பெனிக்குப் பின்னாலேயே தங்கவைக்கிறார்கள். கப்பல் தேதி நெருங்கினால் நடு ராத்திரியிலும் கதவைத் தட்டலாம். ஊரிலிருந்து வரும்போதே முன்பணம் வாங்கியிருக்கிறான். ஆதார் அட்டை காண்ட்ராக்டர் பெட்டியில் இருக்கிறது. இப்படிப்பட்டவன் "முடியாது" என்று எப்படிச் சொல்வான்?

முதலாளிகள் வேறொரு கதை சொல்கிறார்கள். தமிழன் சோம்பேறியாகிவிட்டான், ரேஷன் அரிசி அவனைக் கெடுத்துவிட்டது என்கிறார்கள். இந்தக் கதையில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. ரேஷன் அரிசி இருக்கிறது, சொந்தக் கூரை இருக்கிறது, பக்கத்துத் தெருவில் மாமன் மச்சான் இருக்கிறான். அதனால் உள்ளூர்த் தொழிலாளியால் கேவலமான கூலியை வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. இதைத்தான் அவர்கள் சோம்பல் என்கிறார்கள்! வந்தவனுக்கு அந்தச் சக்தி இல்லை. கூலி குறைவதற்குக் காரணம் அவன் வந்தது அல்ல. அவனால் மறுக்க முடியாமல் இருப்பது. அவனும் மறுக்க முடிந்தால் அவன் கூலியும் ஏறும், நம் கூலியும் ஏறும். அவனை விரட்டினால் அடுத்த ரயிலில் இன்னும் பஞ்சப்பட்ட ஒருவனைக் காண்ட்ராக்டர் கூட்டிவருவான்.

சட்டம் இல்லாமலும் இல்லை. ஒரிசாவில் "தாதன்" என்ற பெயரில் முன்பணம் கொடுத்து ஆட்களை வெளி மாநிலங்களுக்கு ஓட்டிச்சென்ற கொடுமையை ஒட்டி, 1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம் வந்தது. ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும். ஒரே வேலைக்கு ஒரே கூலி, போகவரப் பயணப்படி, இடம்பெயர்வுப் படி, தங்குமிடம், படம் ஒட்டிய பாஸ் புத்தகம். எல்லாம் எழுதியிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் முழுநேர ஊழியனாக அலைகிறேன். அந்தப் பாஸ் புத்தகம் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தானாக வந்தவனையும் கணக்கில் சேர்க்கிறது, அது சரி. ஆனால் ஐந்து பேர் என்பதைப் பத்தாக உயர்த்திவிட்டது. இடம்பெயர்வுப் படியை எடுத்துவிட்டது.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு பூட்டப்பட்டது. அந்த மே 8-ந் தேதி அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்துத் தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அரைபட்டார்கள். அந்தச் செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டபோது, ஊர் திரும்பும் வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே இல்லை என்றது சர்க்கார். இங்கும் 2014-ல் மவுலிவாக்கத்தில் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 30-ல் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து வெளி மாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தார்கள். ஓட்டும் அப்படியே. 2025-ல் பீகார் வாக்காளர் பட்டியலைத் திருத்தியபோது, இடம் மாறியவர்கள் அல்லது காணப்படாதவர்கள் என்று சுமார் 36 லட்சம் பேர் வரைவுப் பட்டியலில் விடுபட்டார்கள். அங்கே பெயர் இல்லை. இங்கே சேர்த்துவிடுவார்களோ என்று நம்மில் சிலருக்கே பயம். எங்கும் ஓட்டில்லாதவனிடம் எந்தக் கட்சிக்காரன் குறை கேட்பான்?

"வெளியூர்க்காரன்" என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொள்ள நாம் பம்பாயைப் பார்த்தால் போதும். திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து பிழைக்கப் போனவர்கள் தாராவியில் தோல் பதனிட்டார்கள். 1966-ல் சிவசேனை பிறந்தது. அதன் முதல் குறி யார்? ஆபீஸ் உத்தியோகத்திலும் ஹோட்டலிலும் இருந்த தென்னிந்தியர்கள். முக்கியமாக நம் ஆட்கள். மராட்டியன் வேலையைப் பறித்துவிட்டார்கள் என்றார்கள். சொல்லுக்குச் சொல் இன்று நம் டீக்கடையில் கேட்கும் அதே பேச்சு. நான்கு வருஷத்தில் என்ன ஆயிற்று? 1970 ஜூன் 5-ந் தேதி பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. தோழர் கிருஷ்ணா தேசாய் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சேனைக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். தேசாய் மதராசி அல்ல, மராட்டியர். ஆலைத் தொழிலாளிகளின் தலைவர். தென்னிந்தியனை விரட்டக் கிளம்பிய கை கடைசியில் விழுந்த இடம் அது.

திருப்பூரிலேயே பாருங்கள். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தை மூத்த தோழர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஜனங்கள் வந்து குவிந்தபோது, அவர்களைப் பற்றியும் இதே பேச்சுத்தான். இன்று வடக்கத்திக்காரனைத் திட்டுகிறவர்களில் பலர் அப்படி வந்தவர்களின் பிள்ளைகள்.

நம் தவறையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயப்பட்டறையில் வேலைநிறுத்தம். ஐந்தாம் நாள் காண்ட்ராக்டர் வேனில் பதினெட்டு ஒடியா வாலிபர்களைக் கொண்டுவந்து இறக்கினான். நாங்கள் வாசலில் நின்று "கருங்காலி, கருங்காலி" என்று தொண்டை கிழியக் கத்தினோம். அவர்கள் தலையைக் குனிந்து உள்ளே போனார்கள். போராட்டம் தோற்றது. ஒரு மாதம் கழித்து அவர்களில் ஒருவனை ரயில்வே ஸ்டேஷனில் சந்தித்தேன். அவசர ஆர்டர் என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்களாம். வாசலில் நின்றவர்கள் உள்ளூர் ரவுடிகள், அடிக்க வந்திருக்கிறார்கள் என்று காண்ட்ராக்டர் சொன்னானாம். "கருங்காலி என்றால் என்ன?" என்று என்னிடமே கேட்டான். அவர்களுக்குப் புரியும் பாஷையில் ஒரு துண்டுப் பிரசுரம் அன்று எங்களிடம் இல்லை. அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அந்த வேனை நிறுத்தி ஐந்து நிமிஷம் பேச ஒரு ஆள் இருந்திருந்தால்?

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோதும் இதுதான் நடந்தது. பீகார் சர்க்கார் அதிகாரிகளை இங்கே அனுப்பி விசாரித்தது. போலீஸ் அதிகாரிகள் இந்தியில் பேசிப் பயத்தைத் தெளிவித்தார்கள். சங்கம் அவர்களுக்கு முன்னால் அந்த அறைகளுக்குப் போயிருக்க வேண்டாமா?

இப்போது போகிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல்தான் ஆள் கிடைக்கும்; அதற்கு முன் துணி துவைப்பார்கள், ஊருக்குப் போன் பேசுவார்கள். முதலில் சங்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஆதார் யாரிடம் இருக்கிறது, ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். ஊர்க் கார்டை வைத்தே இங்கே அரிசி வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இ.எஸ்.ஐ. எண் கேளுங்கள், இல்லையென்றால் பெயரையும் கம்பெனியையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்ற வாரம் அந்த மூத்த தோழரையும் அழைத்துப் போனேன். வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார். ஒரு பையன் ஓவர்லாக் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று கையால் காட்டிச் சொல்ல, இவர் டென்ஷனை எப்படி வைக்க வேண்டும் என்று அவனுடைய நோட்டில் படம் போட்டுக் காட்டினார். பாஷை தேவைப்படவில்லை. நான்கு பேர் சந்தா கொடுத்தார்கள். ரசீதில் ஊர்ப் பெயர் எழுதும் கட்டம்தான் போதவில்லை.

குறைந்தபட்சக் கூலி, இ.எஸ்.ஐ., ரேஷன் ஆகிய மூன்றையும் பற்றி இந்தியிலும் ஒடியாவிலும் துண்டுப் பிரசுரம் தயாராகிறது. வேண்டிய கிளைகள் எத்தனை பிரதி என்று ஜில்லாக் குழுவுக்கு எழுதுங்கள். ஒடியா தெரிந்த தோழர் யாராவது இருந்தால் உடனே தெரிவியுங்கள். இப்போது இருக்கிறவர் ஒரே ஒருவர், அவருக்கும் ராத்திரி ஷிப்ட்.