எதிராளிக்குக் கொம்பு முளைக்கும் கதைகள்

ஃபிராங்க் பெரட்டி என்னும் அமெரிக்கரின் 'திஸ் பிரெசண்ட் டார்க்னஸ்' என்ற புதினம் 1986 ஆம் ஆண்டில் வெளிவந்தது. விறுவிறுப்பும் நல்லொழுக்கமும் ஒருங்கே அமைந்த நூல் என்று கூறி இதனை இளையோர்க்குப் பரிந்துரைப்பவர் இன்றும் உளர். விறுவிறுப்பை யான் மறுக்கவில்லை. என் மறுப்பு வேறிடத்தில் உள்ளது.

ஆஷ்டன் என்பது கதை நிகழும் சிற்றூர். அவ்வூரைக் கைப்பற்ற முனையும் சதிக்கூட்டம் ஒன்றைச் செய்தித்தாள் ஆசிரியர் ஒருவரும் இளம் போதகர் ஒருவரும் எதிர்க்கின்றனர். மாந்தர் கண்ணுக்குப் புலப்படாத வெளியில் தேவதூதரும் பிசாசுகளும் வாளேந்திப் பொருதுகின்றனர். கீழே மக்கள் ஜெபிக்க ஜெபிக்க, மேலே தூதரின் வலிமை பெருகுகிறது. நல்ல கற்பனைதான், மூதாட்டி ஒருவர் முழங்காலிட்டால் போரின் போக்கே மாறும் என்பதில் ஓர் அழகு இருக்கிறது.

ஆனால், சதிகாரர் யாவர்? உளவியல் கற்பிக்கும் பேராசிரியை, தாராளப் போக்குடைய மற்றொரு போதகர், தியானம் பழகுவோர். கீழைநாட்டுத் தியானமே பிசாசு நுழையும் வாயில் என்பது கதையின் அடித்தளம். திருமூலர் பாடிய மொழியைக் கற்பிக்கும் எனக்கு இது உறுத்துகிறது. எனினும், அவ்வுறுத்தலை முன்வைத்து நான் வழக்காடவில்லை.

நூலின் தலைப்பு, எபேசியர் நிருபம் 6:12 இலிருந்து எடுக்கப்பட்டது. நமது போராட்டம் மனிதரோடு அன்று என்பதே அவ்வசனத்தின் பொருள். பெரட்டியோ ஒவ்வொரு பிசாசுக்கும் ஒரு மனித முகவரி தருகிறார்! சிலர் பிசாசின் பிடியிலிருந்து விடுவிக்கப்படுகின்றனர் என்பது உண்மையே. ஆயினும், மாற்றுக் கருத்துடையவர் சொல்வது சரியா தவறா என்று ஆராயும் தேவை கதையில் எங்கும் எழுவதில்லை. அவர் தோளில் அமர்ந்திருப்பது எது என்று மட்டும் காட்டினால் போதும்; வழக்கு முடிந்தது.

1995 முதல் 2007 வரை 16 நூல்களாக வெளிவந்த 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசை இதனை உலக அரசியலுக்கே விரித்தது. அதில் அந்திக்கிறிஸ்து, ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் தலைமைச் செயலாளராகிறான். ஆயுதக் குறைப்பும் உலக ஒற்றுமையும் பேசுகிறான். அமைதி பேசுவோரை எல்லாம் ஐயுறப் பழக்கும் கதையை நல்லொழுக்கம் என்று எப்படி அழைப்பது?

"கதைதானே ஐயா!" என்பர். பெரட்டியின் நூலை ஜெபத்திற்கான கையேடாகவே வாசித்தோர் பலர். கதை என்று அவர்கள் விட்டுவிடவில்லையே!

சி.எஸ். லூயிஸின் 'ஸ்குரூடேப் லெட்டர்ஸ்' 1942 இல் நூலாயிற்று. அதுவும் பிசாசுக் கதைதான். இங்கிலாந்தின்மீது ஜெர்மானியர் குண்டு வீசிய காலம் அது. பகைநாட்டாரைப் பிசாசாக்கியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார். லூயிஸின் பிசாசோ சாதாரண விசுவாசி ஒருவனுக்குள் வேலை செய்கிறது: தாயிடம் அவன் காட்டும் சிடுசிடுப்பில், ஆலயத்தில் சுருதி பிசகிப் பாடும் அண்டை வீட்டாரை அவன் இகழ்வதில்.

மாணவர் எவரேனும் பெரட்டியைக் கையில் ஏந்தி வந்தால் பறிக்கமாட்டேன். பிசாசுகள் வரும் பக்கங்களை எல்லாம் நீக்கிவிட்டு, அந்தப் பேராசிரியை வகுப்பில் கூறியவற்றுக்கு மறுமொழி ஒரு பக்கம் எழுதி வா என்பேன்.