விண்வெளித் தொழிலில் விருத்தாசலத்துக்கும் இடம் வேண்டும்: செராமிக் பொறியாளர்களின் நிலைப்பாடு

தமிழ்நாடு விண்வெளித் தொழில் கொள்கைக்கு 2025 ஏப்ரலில் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஐந்தாண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு திரட்டுவது அதன் இலக்கு. மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர் மாவட்டங்களில் ‘ஸ்பேஸ் பே’ எனப்படும் விண்வெளித் தொழில் பகுதிகளுக்குச் சலுகைகள் உண்டு. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் ஏற்கெனவே இயங்குகிறது. தென்மாவட்டங்களைத் தேர்ந்ததில் நியாயம் இருக்கிறது, அதை வரவேற்கிறோம். ஆனால் இந்த வரைபடத்தில் எங்கள் ஊரான விருத்தாசலம் விடுபட்டது சரியல்ல என்பதே எங்கள் நிலைப்பாடு.

அகல்விளக்கும் கொலு பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்கிற ஊருக்குச் செயற்கைக்கோளோடு என்ன உறவு என்று நம் ஊர்க்காரர்களே கேட்கிறார்கள். உறவு நெருக்கமானது. தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியை வலம் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வெயிலில் காய்ந்து நிழலில் உறைகிறது. காற்றில்லாத அந்த வெளியில் பல பிளாஸ்டிக்குகள் ஆவி கக்கி லென்ஸ்களில் படியும். சுட்ட செராமிக் அப்படிச் செய்யாது. உலோகச் சுவரைத் துளைத்துச் செல்லும் மின்கம்பிக்குக் காப்பு வளையமாகவும், மின்சுற்றைத் தாங்கும் தகடாகவும் அலுமினா செராமிக் பயன்படுகிறது. 2007 ஜனவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இஸ்ரோவின் எஸ்.ஆர்.இ.-1 மீட்புக் கலம், அதே மாதம் 22 அன்று வங்கக்கடலில் பத்திரமாக இறங்கியது. அதன் வெப்பக் கவசத்தில் சிலிக்கா ஓடுகளும் இருந்தன.

மண்ணும் சூளையும் இங்கே தலைமுறை கடந்த அறிவு. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் பக்கத்தில் இருக்கிறது. அரசின் செராமிக் தொழில்நுட்பப் பயிலகம் ஊருக்குள் இருக்கிறது. சுடும்போது உருப்படி எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டு அச்சை அதற்கேற்பப் பெரிதாக எடுக்கும் கைகள் இருக்கின்றன. எம்.சி.பி. எனப்படும் தானியங்கி மின்துண்டிப்பான் வந்து பீங்கான் ஃபியூஸின் சந்தையை அரித்த பிறகு, அந்தக் கைகளுக்குப் புது வேலை தேவைப்படுகிறது.

இதைச் சொல்லும் நாங்கள், இன்று பொம்மை வார்க்கும் பட்டறை நாளையே செயற்கைக்கோள் பாகம் செய்துவிடும் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் தொழிலாளிகளை ஏமாற்றியவர்கள் ஆவோம். பீங்கானுக்கு 1,200, 1,300 டிகிரி போதும். உயர்தர அலுமினாவுக்கு 1,600 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். மூலப்பொருள் சாதாரணக் களிமண் அல்ல, சுத்திகரித்த அலுமினாத் தூள். சுட்ட பிறகு வைரச் சாணையில் மைக்ரான் கணக்கில் தேய்க்க வேண்டும். எந்தத் தூள், எந்தச் சூளை, எந்த நாள் என்று ஒவ்வொரு உருப்படிக்கும் எழுத்தில் ஆதாரம் வேண்டும். நம் பட்டறைகளுக்கு மிகக் கடினமானது இந்தக் கடைசி விஷயம்தான். நெருப்பை ஆளத் தெரிந்தவர்களுக்கு ஏட்டைப் பராமரிக்கும் பழக்கம் இல்லை.

விண்வெளித் துறையை வளர்க்கப் பாடுபடும் பொறியாளர் அமைப்புகளிடம் எங்கள் வேண்டுகோள் இங்கேதான் தொடங்குகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரத்தில் நடக்கும் சொற்பொழிவு, வினாடி வினா, கண்காட்சி எல்லாம் தேவை. பள்ளிப் பிள்ளையின் கண்ணில் முதல் ஆசையை ஏற்றுபவை அவை. ஆனால் எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பதை வைத்து அந்தப் பணியை அளக்கக் கூடாது. எத்தனை சிறு பட்டறைகளின் உருப்படி சோதனையில் தேறியது என்பதே சரியான அளவுகோல். உங்கள் மூத்த பொறியாளர்கள் இங்கே வந்து ஒரு வாரம் சூளையடியில் நிற்கட்டும். தேறாத உருப்படி ஏன் தேறவில்லை என்று பட்டறைக்காரருக்குத் தமிழில் விளக்கட்டும்.

அரசிடம் நாங்கள் முதலில் கேட்பது பயிலக வளாகத்தில் ஒரு பொதுச் சோதனைக்கூடம்: உயர்வெப்பச் சூளை, கசிவுச் சோதனை, மின்காப்புச் சோதனை, வெற்றிடத்தில் வெப்பச் சோதனை. இவற்றைத் தனிப் பட்டறை வாங்க முடியாது. கட்டணம் செலுத்திப் பயன்படுத்த முடியும்.

இன்னொன்றில் விட்டுக்கொடுக்க மாட்டோம். செராமிக் பட்டறைகளில் எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலைத் தின்னும். அதனால் சிலிகோசிஸ் நோய் வந்தால் குணமாகாது. தூசி உறிஞ்சும் கருவியும் ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனையும் இல்லாத பட்டறைக்கு விண்வெளி ஆர்டர் எதுவும் போகக் கூடாது. அகல்விளக்குத் தொழிலுக்கு இப்போது கிடைக்கும் உதவியை வெட்டி இதற்குத் திருப்பவும் கூடாது.

சென்னையிலிருந்து திருநெல்வேலி செல்லும் ரயில்கள் பல விருத்தாசலம் சந்திப்பு வழியாகவே போகின்றன. மகேந்திரகிரிக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் போகும் பொறியாளர்களை அழைக்கிறோம்: ஒருமுறை இங்கே இறங்குங்கள், உங்களுக்குத் தேவையான ஒரு பாகத்தின் வரைபடத்தைக் கொண்டுவாருங்கள்.