ஹவுஸ் கீப்பர் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள்

கதிர்காமத்தில் விடிவதற்கு முன் மருத்துவக் கல்லூரிப் பக்கம் போனால் நம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். 1.6 கிலோமீட்டர் ஓட்டம், பிறகு புல்லப்ஸ். வியர்வையோடு வந்து நிற்கும் தம்பிகள் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, ஆர்மியா, நேவியா, ஏர்ஃபோர்ஸா?" யூடியூப்பில் சீருடையின் நிறத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

நாங்கள் திருப்பிக் கேட்பது வேறு. எந்தப் படிவத்தை நிரப்பப் போகிறாய், தம்பி?

தரைப்படையின் அக்னிவீர் ஆள்சேர்ப்பில் பொதுப்பணி, டெக்னிக்கல், கிளார்க், டிரேட்ஸ்மேன் என்று படிகள் இருக்கின்றன. டிரேட்ஸ்மேனில் எட்டாவது பாஸ் என்றொரு பிரிவு. அதில் இருப்பவை மெஸ் கீப்பர், ஹவுஸ் கீப்பர். சரி, கடற்படைக்குப் போகலாம் என்றால் அங்கே பத்தாவது தகுதியில் எம்.ஆர். என்றொரு பிரிவு: சமையல், பரிமாறுதல், அப்புறம் 'ஹைஜீனிஸ்ட்'. பெயர் மருத்துவமனையில் வேலை செய்பவர்போல ஒலிக்கிறது. வேலை கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருப்பது. எந்தச் சீருடையைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசிப் படியில் துடைப்பம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பத்தாவதில் நல்ல மதிப்பெண் வாங்கிய பையனிடம் எட்டாவது பாஸ் படிவத்தைக் காட்டி, "உங்க ஆளுங்களுக்கு இது ஈஸியா கிடைக்கும்" என்று ஒருவர் சொன்னதை நாங்களே பக்கத்தில் நின்று கேட்டோம். அவர் கெட்ட மனிதர்கூட இல்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: ராணுவத்தில் சாதி கிடையாது. அப்படியா? குடியரசுத் தலைவரின் மெய்க்காப்பாளர் படையில் ஜாட், ஜாட் சீக்கியர், ராஜபுத்திரர் ஆகியோரை மட்டுமே சேர்ப்பதை 2013இல் உச்ச நீதிமன்றத்தில் ராணுவமே ஒப்புக்கொண்டது. கேட்டதற்கு, உயரமும் தோற்றமும் ஒன்றுபோல இருக்க வேண்டுமாம். 2022இல் அக்னிவீர் விண்ணப்பத்துக்கு ஏன் சாதிச் சான்றிதழ் என்று கேள்வி எழுந்தபோது, இது பழைய நடைமுறைதான், புதிதல்ல என்றது அரசு. நமக்கும் அதுதான் குறை. முப்படைகளின் ஆள்சேர்ப்பில் இட ஒதுக்கீடு இல்லை; ஆனால் சாதிச் சான்றிதழ் மட்டும் வேண்டும்.

பழைய நடைமுறை என்றால் எவ்வளவு பழையது என்றும் பார்த்துவிடுவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில், குறிப்பாக மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில், பாலமும் பாதையும் அமைத்துச் சண்டையும் போட்டவர்களில் பறையர்கள் ஏராளம். மகாராட்டிரத்தில் மகர்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ஒரு சுபேதார். பிறகு 'வீர இனம்' என்றொரு கோட்பாட்டை ஆங்கிலேயன் கண்டுபிடித்தான். 1890களில் மகர்களுக்குக் கதவை அடைத்தான். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது திறந்தான், போர் முடிந்ததும் மறுபடி அடைத்தான். அண்ணல் விடாமல் அழுத்தம் கொடுத்தபின் 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் அமைந்தது. 1943இல் அமைக்கப்பட்டு பர்மா முனையில் போரிட்ட சமார் ரெஜிமென்ட்டை 1946இல் கலைத்தார்கள். தேவைக்குக் கூப்பிட்டு, தேவை முடிந்ததும் அனுப்பிவிடுவது.

இன்றைய அக்னிபத் அதே பழக்கத்தை எல்லோருக்கும் சட்டமாக்கியிருக்கிறது. நான்கு ஆண்டு. அதன்பின் 25 விழுக்காடு வரைதான் நிரந்தரம். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம், அதிலும் ஏறத்தாழப் பாதி அவர்கள் சம்பளத்திலிருந்தே பிடித்தது. பென்ஷன் கிடையாது. நிலமோ கடையோ இருக்கிற வீட்டுப் பையன் 22 வயதில் திரும்பி வந்தால் அவனுக்கு அது முதலீடு. நம் வீட்டில் அது அக்கா கல்யாணக் கடனுக்குப் போய்விடும்.

புதுச்சேரியில் பென்ஷனின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1881 ஆணையின்படி தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தையும் ஒரு குடும்பப் பெயரையும் ஏற்றவர்களில் நம் மக்கள் கணிசமானவர்கள். படையில் சேர்ந்து இந்தோசீனா போனவர்கள் 'சொல்தா' ஆனார்கள். சொல்தா பென்ஷன் ஓலைக்குடிசையை மாடி வீடாக்கியது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. அந்தத் துப்பாக்கி நம்மைப்போலவே அடிமைப்பட்டுக் கிடந்த வியட்நாம் மக்களை நோக்கியிருந்தது என்பதையும் மறைக்க மாட்டோம். "ராணுவத்துக்கே போகாதே" என்று சொல்லும் தோழர்கள் இதைத்தான் நினைவூட்டுகிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் மாதச் சம்பளத்தை ஒருநாளும் காணாத வீட்டுப் பிள்ளையிடம் போய் அதைச் சொல்லும் உரிமை, மாதச் சம்பளம் வாங்கும் வீட்டிலிருந்து வருகிறவருக்கு இருப்பதாக நாங்கள் நினைக்கவில்லை.

ஆகவே எங்கள் பதில் இது. நிரந்தர வேலைதான் முதல் தேவை என்றால் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். பாருங்கள். உள்துறையின் கீழ் உள்ள இந்தப் படைகளில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடும் 5 ஆண்டு வயதுத் தளர்வும் உண்டு. கான்ஸ்டபிள் தேர்வைத் 2024 முதல் தமிழிலேயே எழுதலாம். பழைய பென்ஷன் அங்கேயும் இல்லை, அதையும் தெரிந்துகொண்டே போங்கள். அக்னிவீர்தான் என்றால் டெக்னிக்கலுக்குக் கீழே இறங்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே அதிகாரி ஆகும் வழி இருக்கிறது. என்.டி.ஏ. தேர்வில் தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவில் பிளஸ் டூ முடித்தாலும் போதும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் கணக்கு, இயற்பியல், வேதியியல் கட்டாயம். அப்படியானால் எந்தப் படை என்பது ஆள்சேர்ப்பு மைதானத்தில் முடிவாவதில்லை. பிளஸ் ஒன் சேர்க்கை நாளன்று, "உனக்கு ஃபர்ஸ்ட் குரூப் கஷ்டம்ப்பா" என்று யாரோ ஒருவர் சொல்லும்போது முடிவாகிவிடுகிறது. நம் தெருவில் எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். தங்கைகளே, 2022 முதல் என்.டி.ஏ. கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது.

அந்தத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. அதைத் தமிழிலும் நடத்தச் சொல்லியும், முப்படைகளில் இட ஒதுக்கீடு கேட்டும் நாம் சண்டை போட்டாக வேண்டும், போடுவோம். அதுவரை காத்திருக்க முடியாது. பட்டியல் சாதியினருக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர நாங்கள் உட்காருகிறோம். ஓடி முடித்ததும் குளித்துவிட்டு நேராக வாருங்கள், பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தோடு.