நிலாவில் கண் மங்கிய கேமரா

கும்மிருட்டில் பாகூர் ஏரிக்கரையில் நின்று செல்போனில் ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். வெளிச்சம் போதாததால் வருவது அது. ஆனால் அதே ஏரியை விண்வெளியிலிருந்து எடுக்கும் கேமராவில் வரும் புள்ளிகள் வேறு ரகம். வந்தால் சுலபத்தில் போகாது.

நமக்குக் காற்று மண்டலம் ஒரு போர்வை, பூமியின் காந்தப்புலம் இன்னொரு போர்வை. மேலே போகப்போக இரண்டும் விலகும். சூரியனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பாய்ந்துவரும் புரோட்டான்கள் கேமராவின் சிலிக்கான் சில்லில் மோதி, அணுக்களை இடம் பெயர்த்துவிடும். அங்கே மின்னோட்டம் கசியும். மூடி போட்ட கேமராவில்கூட அந்தப் புள்ளி மட்டும் பளிச்சென்று எரியும். 'ஹாட் பிக்ஸல்' என்பார்கள். வருஷம் ஆக ஆக இவை பெருகும்.

ஹபிள் தொலைநோக்கியில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: ஒத்தடம்! மைனஸ் 80 டிகிரி வாக்கில் குளிர்ந்திருக்கும் கேமராவை மாதம் ஒருமுறை 20 டிகிரி அளவுக்குச் சூடாக்குவார்கள். புதிதாக வந்த புள்ளிகளில் பெரும்பாலானவை மறையும். மிச்சம் அப்படியே தங்கிவிடும்.

நம் சந்திரயான்-1 கதை இன்னும் கடுமை. 2008 அக்டோபர் 22-ல் கிளம்பிய அந்தக் கலத்தில், நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை சொல்லும் 'ஸ்டார் சென்சார்' இருந்தது. அதுவும் ஒரு கேமராதான். 2009 ஏப்ரலில் ஒன்று பழுதானது. மே மாதம் மாற்றாக வைத்திருந்ததும் போனது. கதிர்வீச்சையும் கடும் வெப்பத்தையும் காரணமாகச் சொன்னார்கள். (ஒத்தடத்துக்கும் ஓர் அளவு உண்டே!)

திசை தெரியாத கலத்தை என்ன செய்வது? பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான மயில்சாமி அண்ணாதுரை தலைமையிலான குழு கைவிடவில்லை. ஜைரோஸ்கோப், ஆன்டெனா திரும்பியிருக்கும் கோணம், கலமே எடுத்த நிலாத் தரையின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் திசை கணக்கிட்டார்கள். பஸ்ஸில் தூங்கி விழித்தவர், ஜன்னலில் கோபுரத்தைப் பார்த்து 'ஓ, வில்லியனூர் வந்தாச்சு' என்று தெரிந்துகொள்வதில்லையா, அப்படி! 100 கிலோமீட்டரில் சுற்றிய கலத்தை 200 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள்.

இரண்டு வருஷத்துக்குத் திட்டமிட்ட பயணம் 312 நாளில், 2009 ஆகஸ்ட் 29-ல் முடிந்தது. அதற்குள் 70,000-க்கும் மேற்பட்ட படங்கள் வந்திருந்தன. கூடவே, அதிலிருந்த நாசா கருவி அனுப்பிய தகவல்களும். அவற்றை ஆராய்ந்து, நிலாவில் நீர் மூலக்கூறுகள் இருப்பதாக செப்டம்பர் 24-ல் அறிவித்தபோது, கலம் பேச்சை நிறுத்தி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.