கந்தைக்கு ஒரு யந்திரம்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்கு வந்துபோன நேயர்களுக்குச் சாரலைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குளிர்க்காற்று தென்காசியைத் தாண்டி எங்கள் பாவூர்சத்திரம் வரையில் வந்து திண்ணையில் படுத்தவர்களை எழுப்பிவிடும். எங்கள் வீட்டில் அதற்குப் பரிகாரம் ஆச்சி தைத்த கந்தைப் போர்வை. பழம் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்பை மடித்து, நெருக்கமாக நூலோட்டித் தைத்தது. வங்காளத்தில் இதையே காந்தா என்பார்கள். புடவைக் கரையிலிருந்து வண்ண நூலை உருவி அதன்மேல் சித்திரமும் தைப்பார்கள். குருசதய தத்தர் என்ற ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர் கிராமந்தோறும் அலைந்து அவற்றைச் சேகரித்தார். எங்கள் ஆச்சி தைத்தவையோ அடுப்பங்கரையில் கரித்துணியாய் முடிந்தன.

என் தாயார் காலமானபோது பெட்டியில் ஒரு மேல்துணி மட்டும் கிடைத்தது. தாம் உடுத்திக் கழித்த சின்னாளபட்டிச் சுங்குடிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்திருந்தார். பேத்தியின் கலியாணத்துக்கென்று ஆரம்பித்தது. கலியாணமும் ஆகி, அவள் பென்ஸில்வேனியாவில் குடியேறி, பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். பிரசவம் பார்க்கப் புறப்பட்ட நான் அதையும் மடித்து எடுத்துக்கொண்டேன்.

அந்த ஊரில் போர்வை தைப்பதற்கென்றே கடை இருக்கிறது. நீண்ட கை யந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். முதலில் ஒரு பாடம் கேட்டாக வேண்டும்.

யந்திரம் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1924-ல் டில்லியில் ஒரு மாணவர், யந்திரங்கள் எல்லாமே கூடாதா என்று காந்தியடிகளைக் கேட்டார். தையல் யந்திரத்துக்கு அடிகள் விலக்கு அளித்தார். மனைவி படும் பாட்டைக் கண்டு அன்பினால் ஸிங்கர் அதை உண்டாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம். உண்மையில் 1851-ல் உரிமை பெற்ற அந்த ஸிங்கர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை நடத்திய கெட்டிக்காரர்! போகட்டும், யந்திரம் நல்லதுதான். கேள்வி கேட்ட மாணவர் 1947-ல் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன். காந்திகிராமமும் சின்னாளபட்டியும் அடுத்தடுத்த ஊர்கள்.

வீட்டுத் தையல் யந்திரத்தில் ஊசி நின்ற இடத்தில் நிற்கும். துணியை நாம் நகர்த்துவோம். பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு காகிதத்தை ஆட்டி எழுதுவதுபோல. கழுத்தின் இடைவெளி ஏழெட்டு அங்குலமே இருப்பதால் பெரிய போர்வையைச் சுருட்டித் திணிப்பதற்குள் தோள் கழன்றுவிடும். நீண்ட கையில் இடைவெளி 18 அங்குலத்துக்குக் குறையாது. துணி சட்டத்தில் விறைப்பாக நிற்கிறது. யந்திரம் தண்டவாளத்தின்மேல் சக்கரங்களில் ஓடுகிறது. இரு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு நாம் எழுதவேண்டியதுதான். நாம் வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்று அதுவே கணக்குப் பார்த்துக்கொள்கிறது.

எழுதுவதற்கு முன்னால்தான் கஷ்டம். அடித்துணி நான்கு பக்கமும் நான்கு அங்குலம் மிச்சமாக இருக்க வேண்டும். அதை உருளைகளில் குண்டூசியால் நேராகக் குத்தி, அதன்மேல் பஞ்சு விரித்து, பிறகுதான் மேல்துணி. எனக்கு இதற்கே ஒரு மணி நேரம் போயிற்று. வாடகையோ ஜட்கா வண்டிக்காரனைப்போல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவசரத்தில் கொடிபோல் வளைத்து ஓட்டினேன். மூன்றாவது வரிசையில், நைந்துபோன நீலச் சுங்குடி ஒன்று ஊசிமுனையில் இழைவிட்டுப் பிளந்தது. தாயாரின் புடவைகளுள் என் நினைவில் நிற்பது அது ஒன்றுதான். யந்திரத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றேன். பக்கத்து யந்திரத்திலிருந்த வெள்ளைக்காரப் பாட்டியம்மாள் வந்து பார்த்தார். பழந்துணிக்கு முன்னதாகவே அடியில் மெல்லிய துணியை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டியிருக்க வேண்டும் என்று, திட்டாமல் சொன்னார். பிளவுக்கடியில் ஒரு துண்டைச் செருகிக் கையாலேயே இழையோட்டினேன். மற்ற நைந்த சதுரங்களின்மேல் நிதானமாக, கொடியை அகல விட்டுக்கொண்டு போனேன்.

கழற்றித் திருப்பினால், அடித்துணியில் ஒரு சாண் நீளத்துக்கு மடிப்பு விழுந்து தைபட்டிருந்தது. கீழே கைவிட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே போகவேண்டும் என்று பாடத்தில் சொல்லித்தான் இருந்தார்கள். பிரிக்க ஊசியை எடுத்தேன். "அது அப்படியே இருக்கட்டும் அம்மா, விளிம்பை முடியுங்கள், நாள் நெருங்கிவிட்டது" என்றாள் மகள்.

விளிம்பை வீட்டில் நான்கு இரவுகள் உட்கார்ந்து கையால் முடித்தேன். இப்போது பேரனுக்கு ஏழு மாதம். போர்வையைப் போட்டால், தேடிப் பிடித்து அந்த மடிப்பைத்தான் சப்புகிறானாம்.