மனைவியை விலக்கலாம், பிள்ளையை விலக்க முடியுமா?

"அவளுக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்லை, உறவுமில்லை. பிள்ளை அவளிடம் இருக்கிறது, அவளே பார்த்துக்கொள்ளட்டும்." நமது அங்கத்தினர் ஒருவர் சம்பள நாளன்று கடை வாசலில் நின்று இப்படி முழங்கினார். சுற்றி நின்ற நாலு பேர் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டிகளுக்காகவே இதை எழுதுகிறோம்.

சகோதரர்களே! சம்பள உயர்வு கேட்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? பிள்ளை குட்டிக்காரன் இந்தக் காசில் எப்படிப் பிழைப்பான் என்று கேட்கிறோம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனபோதும் அதையே கேட்டோம். பிள்ளையின் பெயரைச் சொல்லி முதலாளியிடம் வாங்கிய காசை, கைக்கு வந்தபின் பிள்ளைக்கு இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். முஸ்லிம் சகோதரர்களுக்கு ஷரியா நீதிமன்றம் உண்டு. மற்றவர்களுக்கு 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன் 92-ஆவது பிரிவின்படி, பிள்ளை யார் வசம் வளர்ந்தாலும் அதற்கு இருப்பிடம், உடை, உணவு, கல்வி கொடுப்பது பெற்றவர் கடமை. வசதியுள்ள தாயையும் கட்டச் சொல்லச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே இது ஆண்களுக்கு விரித்த வலை என்று யாரும் அழ வேண்டாம்.

ஜீவனாம்சம் வேறு, பிள்ளைச் செலவு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப்பேர் ஏமாற்றுகிறார்கள், மீதிப்பேர் ஏமாறுகிறார்கள். விலக்குப் பெற்றவள் மறுமணம் செய்துகொண்டால் அவளுடைய ஜீவனாம்சம் நின்றுபோகும். பிள்ளையின் பங்கு நிற்காது. அவள் மறுமணம் செய்தாள் என்பதற்காகப் பிள்ளைக்கு அப்பன் மாறிவிடுவானா?

"பிள்ளையைக் கண்ணில் காட்டமாட்டேன் என்கிறாளே!" என்பார் ஒருவர். அப்படிச் செய்யும் தாய்மாரும் உண்டு, அது தவறுதான். அதற்குக் கோர்ட்டில் மனுப் போடுங்கள். பிள்ளையின் சோற்றில் கைவைத்துப் பழிதீர்க்காதீர்கள்.

"என்னிடம் ஏது?" என்பார் இன்னொருவர். இது மட்டும் காது கொடுத்துக் கேட்கவேண்டிய பேச்சு. மழைக்காலத்தில் மரம் வெட்டு இல்லாமல் வருமானம் குறைவதை நாம் அறியோமா? தொகையை நிர்ணயிக்கும்போது கோர்ட்டும் சக்தியைப் பார்க்கிறது. பிறகு நிலைமை மாறினால் குறைக்கும்படி மனுச் செய்யலாம். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவதுதான் குற்றம். பாக்கி கடனாக ஏறிக்கொண்டே போகும். தாய்மார்களே, நீங்களும் தூங்கிவிடாதீர்கள். மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட பாக்கியை, விசேஷக் காரணம் இருந்தாலொழிய வசூலிக்க முடியாது.

கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவர்கள், "சட்டப்படி அவள் எனக்கு மனைவியே இல்லை" என்று நழுவுகிறார்கள். இதைவிட வெட்கக்கேடு வேறில்லை. பந்தலில் மொய் வாங்கும்போது மட்டும் மனைவியாக இருந்தாளோ? 1950-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், பதிவில்லாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் மாதப் படி கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட இடம் தருகிறது. மனமறிந்து கொடுக்காதவனுக்கு ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை.

லயத்துப் பஞ்சாயத்தில் ஒரு தொகையைத் தூக்கிப் போட்டு, "இனிக் கேட்கமாட்டேன்" என்று எழுதி வாங்கும் வழக்கமும் இருக்கிறது. அந்தத் தாளை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தாலும், பிள்ளையின் நலத்துக்காகக் கோர்ட்டு அதை மாற்றலாம்.

எத்தனை வயது வரை? முன்பு பதினெட்டோடு முடிந்தது. மேற்படிப்புக்காக நீடிக்க முடியாது என்று 2004-இல் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. இப்போது பிள்ளை மேற்படிப்போ தொழிற்பயிற்சியோ தொடர்ந்தால், அது முடியும் வரை செலவு கேட்கலாம். மகள் கல்லூரிக்குப் போனதாகக் கடையில் பெருமை பேசும் தகப்பன்மார் கவனிக்க!

கொடுக்காவிட்டால் 1968-ஆம் ஆண்டின் சட்டப்படி கோர்ட்டு முதலாளிக்கே உத்தரவிட்டுச் சம்பளத்தில் பிடிக்கச் செய்யலாம். இதற்குப் பயந்து தோட்டத்தைவிட்டுக் குத்தகைக்காரரிடம் கைக்காசு வேலைக்கு ஓடும் சூரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தேடி, கைப்பிள்ளையோடு வெயிலில் நடந்து வரும் தாயிடம், "ஆளைத் தெரியாதே அம்மா" என்று சொல்லும் கிளைக் காரியதரிசிகளும் இருக்கிறார்கள். சந்தா வாங்க மட்டும் ஆளைத் தெரிகிறது!

வழக்குரைஞருக்குக் கொடுக்கக் காசில்லாத தாய்மாருக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா இருக்கிறது. தெரியாது என்று கைவிரித்த காரியதரிசி, அடுத்த தடவை அந்தத் தாயைத் தாமே அங்கே அழைத்துப் போகட்டும். பஸ் காசைக் கிளைக் கணக்கில் எழுதினால் நாங்கள் ஆட்சேபிக்கமாட்டோம்.